இடுப்பு ஆபரேஷன்ல ரத்த ஓட்டம்: நம்ம வீடுகள்ல நடக்குற தப்புகள்

போன வாரம் திருப்பாதிரிப்புலியூர்ல ஒரு அம்மாவுக்கு பிசியோ குடுக்க வீட்டுக்குப் போனேன், இடுப்பு மூட்டு மாத்தி 14 நாள் ஆயிருந்துச்சு. மகன் என்னை வாசல்லயே நிறுத்தி, "சார், பின்பக்கமா வெட்டிட்டாங்க, அப்படி வெட்டுனா ரத்த ஓட்டம் போயி எலும்பு செத்துடுமாமே"ன்னு கண்ணு கலங்கிக் கேட்டார். எக்ஸ்ரேவை ஜன்னல் வெளிச்சத்துல தூக்கிப் புடிச்சு காட்டினேன், "தம்பி, நீங்க பயப்படுற அந்தப் பந்து எலும்பே, தொடை எலும்போட மேல் நுனில உருண்டையா இருக்குறது, இப்ப உள்ள இல்ல, எடுத்துட்டாங்க, வெள்ளையா தெரியுறது மெட்டல்."

கடலூர்லயும் பாண்டிலயும் இதைத்தான் அடிக்கடி பாக்குறேன், எந்தப் பக்கமா வெட்டுனாங்கன்னு எல்லாரும் கேக்குறாங்க, பந்து இருக்கா எடுத்தாச்சான்னு கேக்குறவங்க ரொம்பக் கம்மி. முழு மூட்டு மாத்துறப்ப பந்தை அதுக்குக் கீழ இருக்குற தொடை எலும்புக் கழுத்தோட அறுத்து எடுத்துடுவாங்க, அப்புறம் அதுக்கு ரத்தம் போகுதா இல்லையாங்கிற பேச்சே கிடையாது. பின்பக்கமா பண்ணவங்க கவனிக்க வேண்டியது மூட்டு நழுவாம பாத்துக்குறது தான். அந்த அம்மாவை அன்னிக்கு முக்காலில உக்கார வெச்சிருந்தாங்க, முட்டி இடுப்பை விட மேல நிக்குது, எனக்கு பகீர்னு ஆயிடுச்சு, உடனே எழுப்பி உயரமான சேர்ல உக்கார வெச்சேன்.

சொந்தப் பந்து உள்ளயே இருக்கப் போகுதுன்னா கதையே வேற. பந்து மேல மெட்டல் தொப்பி மட்டும் மாட்டுற ரீசர்ஃபேசிங், மூட்டைத் திறந்து பண்ற சில ஆபரேஷன், இதுலல்லாம் எந்தப் பக்கமா வெட்டுறாங்கங்கிறது நெஜமாவே முக்கியம். பெரியவங்களுக்கு பந்துக்கு முக்கியமா ரத்தம் குடுக்குறது மீடியல் சர்க்கம்ஃப்ளெக்ஸ்னு ஒரு ஆர்ட்டரி, தொடை உள்பக்கத்துல கிளம்பி பின்பக்கமா சுத்தி, காலை வெளிப்பக்கம் திருப்புற குட்டித் தசைகளுக்கு அடியில போயி கழுத்து மேல ஏறுது, அந்தத் தசைகளை எலும்பை ஒட்டி வெட்டுனா இதுவும் சேந்து அறுந்துடலாம். அந்தப் பாதை தெரிஞ்சு பண்ணா காப்பாத்தவும் முடியும். சுவிட்சர்லாந்து பெர்ன்ல டாக்டர் கான்ஸ் குழு, பின்னாடி இருக்குற ஆப்டுரேட்டர் எக்ஸ்டர்னஸ் தசையை வெட்டாம விட்டு பந்தை முன்பக்கமா நழுவ வெச்சு ஆபரேஷன் பண்ணாங்க, 2001ல வெளியிட்ட கணக்குல 213 இடுப்புல ஒண்ணுல கூட பந்து சாகல.

தொடை எலும்போட கழுத்து உடைஞ்ச கேஸ்ல பல நேரம் கத்தி மேல பழி போடுறது நியாயமே இல்ல. விழுந்த நிமிஷமே எலும்பு விலகி ரத்தக்குழாய் அறுந்திருக்கலாம். இதுல எனக்கு ரொம்ப வலிக்கிற தப்பு ஒண்ணு இருக்கு, விலகாத உடைசல் சிலருக்கு நடக்கக்கூட விடும், "நடக்குறாங்கல்ல, சுளுக்கு தான்"னு எண்ணெய் தேச்சு இழுத்து கட்டு கட்டி பத்து நாள் ஓட்டுவாங்க, அதுக்குள்ள எலும்பு விலகிடும், ஸ்க்ரூவோட முடிஞ்சிருக்க வேண்டியது மூட்டை மாத்துற வரைக்கும் போயிடும்.

ஸ்க்ரூ போட்டவங்க வலி போனதும் செக்கப்பை விட்டுடாதீங்க, பந்து சாகுறது ரெண்டு வருஷம் கழிச்சுக்கூட தெரிய வரலாம், ஆரம்பத்துல எக்ஸ்ரேல ஒண்ணும் தெரியாது, எம்ஆர்ஐல தான் தெரியும். தேவனாம்பட்டினத்துல வலை இழுக்குற ஒரு தம்பி எட்டு மாசத்தோட செக்கப்பை நிறுத்திட்டான், அப்புறம் தொடை இடுக்குல வலின்னு வந்து நின்னப்ப, கீழ உக்காந்து செருப்பை மாட்ட முடியல அவனால.