குழந்தையின் நடன நிகழ்ச்சிக்கு எந்த லென்ஸ்? உட்காரும் இடத்திலிருந்து கணக்குப் போடுங்கள்

உங்கள் மகளோ மகனோ அரங்கத்துக்குள் மேடையேறி ஆடப்போகிறார்கள். கையில் கேமரா இருக்கிறது, அதோடு வந்த 18-55 மி.மீ. கிட் லென்ஸும் இருக்கிறது. ஒத்திகையில் எடுத்துப் பார்த்தால் கையும் காலும் இழுபட்டு, முகம் மங்கி வருகிறது. சரி, வேறு லென்ஸ் வாங்கிவிடலாம் என்று தேட ஆரம்பித்தால் முதலில் கண்ணில் படுவது 70-300 மாதிரி நீளமான ஜூம்தான். தூரத்தில் இருப்பதைக் கிட்டத்தில் காட்டும், விலையும் கைக்கு அடக்கம், அப்புறம் என்ன யோசனை என்று தோன்றும். ஆனால் உள்ளரங்க நடனத்துக்குப் பெரும்பாலும் பொருந்தாத லென்ஸ் அதுதான்.

லென்ஸின் பெயரையும் பிராண்டையும் கொஞ்சம் தள்ளி வையுங்கள். முதலில் தெரியவேண்டியவை இரண்டுதான்: மேடையில் வெளிச்சம் எவ்வளவு குறைகிறது, நீங்கள் எவ்வளவு தூரத்தில் உட்காரப்போகிறீர்கள். இரண்டையும் அளந்துவிடலாம். அளந்த பிறகு மிஞ்சும் லென்ஸ்கள் இரண்டோ மூன்றோதான்.

படி 1: லென்ஸின் மேல் எழுதியிருப்பதைப் படியுங்கள்

லென்ஸின் முன்கண்ணாடியைச் சுற்றியோ பக்கவாட்டிலோ 18-55 என்றும், அதன் அருகில் 1:3.5-5.6 என்றும் பொடி எழுத்தில் இருக்கும். முதல் ஜோடி குவியத்தூரம், அதாவது ஃபோகல் லெங்த். எவ்வளவு அகலமாக அல்லது எவ்வளவு நெருக்கமாகக் காட்டும் என்பதை அது சொல்கிறது. நமக்கு முக்கியம் இரண்டாவது ஜோடி. 18-இல் வைத்தால் அப்பர்ச்சர், அதாவது வெளிச்சம் நுழையும் துளை, எஃப்/3.5 வரை திறக்கும். 55-க்குத் திருப்பினால் எஃப்/5.6-க்கு மேல் திறக்காது. குழந்தையை நெருக்கமாகக் காட்ட நீங்கள் ஜூமைத் திருப்பும் அந்த நேரத்தில்தான் லென்ஸ் உள்ளே விடும் வெளிச்சமும் குறைகிறது.

எண் சிறிதானால் துளை பெரிது. 1.4, 2, 2.8, 4, 5.6 என்பது வரிசை. இதில் எண் ஒவ்வொரு படி குறையும்போதும் வெளிச்சம் இரட்டிப்பாகும். இந்த ஒரு படியைத்தான் படம் எடுப்பவர்கள் 'ஒரு ஸ்டாப்' என்பார்கள். ஆக, எஃப்/5.6-ஐ விட எஃப்/2.8 நான்கு மடங்கு வெளிச்சம் தரும். எஃப்/1.8 என்றால் கிட்டத்தட்ட பத்து மடங்கு. 70-300 வகை சாதாரண ஜூம்கள் 300-இல் எஃப்/5.6-லோ 6.3-லோ போய் நிற்கும். உங்கள் கிட் லென்ஸில் இருக்கும் அதே இருட்டை இன்னும் நெருக்கமாகக் காட்டும், அவ்வளவுதான்.

படி 2: இருக்கிற லென்ஸை வைத்தே வெளிச்சத்தை அளக்கவும்

புது லென்ஸைப் பற்றி முடிவெடுக்கப் பழைய லென்ஸே போதும். மேடை விளக்குகளோடு நடக்கும் ஒத்திகைக்குப் போங்கள். பார்வையாளர் பக்க விளக்குகள் எரிந்துகொண்டிருந்தால் கணக்கு தப்பாகும், அவை அணையும் வரை காத்திருங்கள்.

கேமராவை அப்பர்ச்சர் பிரையாரிட்டி மோடில் வையுங்கள். டயலில் அது 'ஏ' அல்லது 'ஏவி' என்று இருக்கும். ஐஎஸ்ஓ, அதாவது கேமரா வெளிச்சத்தை உணரும் அளவு, 3200. ஜூமை 55-க்குத் திருப்பி எஃப்/5.6. வெளிச்சத்தை அளக்கும் முறையான மீட்டரிங்கை 'ஸ்பாட்' என்று மாற்றி, நடுப்புள்ளியை ஆடுபவரின் முகத்தில் வையுங்கள். இந்த ஸ்பாட் விஷயத்தை விட்டுவிடாதீர்கள். பின்னால் கறுப்புத் திரை இருந்தால், கேமரா அதைப் பார்த்து 'இங்கே ஒரே இருட்டு' என்று முடிவுகட்டி ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தைத் தேவைக்கு மேல் நீட்டிவிடும். முகம் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்துப்போகும், நம் கணக்கும் கெடும்.

இப்போது ஷட்டர் பட்டனைப் பாதி அழுத்தி, கேமரா காட்டும் ஷட்டர் வேகத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். நடனத்துக்கு நமக்கு வேண்டியது 1/250 நொடி. நிதானமான அசைவு, ஓரிடத்தில் நின்று காட்டும் பாவம் என்றால் 1/125-லும் சமாளிக்கலாம். துள்ளல், சுழற்சி என்றால் 1/500 வேண்டும். நடுவில் உள்ள 1/250-ஐ வைத்தே போவோம்.

கேமரா 1/125 காட்டினால் இரண்டு மடங்கு வெளிச்சம் குறைகிறது, எஃப்/4 லென்ஸே போதும். ஆனால் அரங்கத்துக்குள் இந்த அதிர்ஷ்டம் அரிது. 1/60 காட்டினால் நான்கு மடங்கு குறைவு, எஃப்/2.8 வேண்டும். 1/30 என்றால் எட்டு மடங்கு, அதற்கு எஃப்/2 அல்லது 1.8. 1/15 என்றால் எஃப்/1.8 லென்ஸோடு ஐஎஸ்ஓ-வையும் 6400-க்கு ஏற்ற வேண்டியிருக்கும். ஏற்றினால் படத்தில் மணல் தூவியது போல நாய்ஸ் வரும். வரட்டும். நாய்ஸைப் பிறகு மென்பொருளில் ஓரளவு குறைக்கலாம், அசைந்து மங்கிய முகத்தை அப்படித் திருத்த முடியாது.

நீலம், சிவப்பு விளக்குகள் வரும் பாட்டுகளில் அளவு இன்னும் கீழே போகும். உங்கள் குழந்தை ஆடும் பாட்டின்போதே அளந்துவிடுவது நல்லது.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். 'லென்ஸில் ஸ்டெபிலைசேஷன் இருக்கிறது, இருட்டிலும் எடுக்கலாம்' என்று விளம்பரத்தில் வரும். அது தடுப்பது உங்கள் கை நடுக்கத்தை. 1/30-இல் மேடைத் திரையும் தூணும் துல்லியமாக வரும். நடுவில் ஆடும் குழந்தை மட்டும் புகைபோலத் தெரியும். ஸ்டெபிலைசேஷன் வேண்டாம் என்று சொல்லவில்லை, அதை நம்பி எஃப்/5.6 லென்ஸ் வாங்காதீர்கள் என்கிறேன்.

படி 3: தூரத்தைப் பெருக்குங்கள்

அடுத்தது குவியத்தூரம். கையைத் தூக்கி ஆடும் குழந்தை தலை முதல் கால் வரை ஃபிரேமுக்குள் அடங்க, மேலும் கீழும் கொஞ்சம் இடம் விட்டு, 2 மீட்டர் உயரம் தேவை என்று வைத்துக்கொள்வோம். கேமராவைக் கிடையாகப் பிடிக்கிறீர்கள். இதற்கு ஓர் எளிய பெருக்கல் உண்டு, கேமராவுக்குள் படம் பதியும் சென்சாரின் அளவைப் பொறுத்து எண் மாறும்.

ஏபிஎஸ்-சி சென்சார் என்றால், தொடக்கநிலை கேமராக்களில் பெரும்பாலும் இதுதான், தூரத்தை மீட்டரில் எடுத்து 8-ஆல் பெருக்குங்கள். ஃபுல் ஃபிரேம் என்றால் 12-ஆல். மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் என்றால் 6.5-ஆல். வருகிற விடைதான் வேண்டிய குவியத்தூரம், மி.மீட்டரில். சென்சாரின் உயரத்தை 2-ஆல் வகுத்து வந்த எண்கள்தான் இவை.

உதாரணமாக, ஏபிஎஸ்-சி கேமரா, தூரம் 10 மீட்டர். 10 × 8 = 80. ஆக 85 மி.மீ. லென்ஸ் ஏறக்குறைய அச்சாகப் பொருந்தும். இதே இடத்தில் ஃபுல் ஃபிரேம் வைத்திருப்பவருக்கு 120 மி.மீ. வேண்டும்.

மொத்தக் குழுவும் வேண்டுமென்றால், 6 மீட்டர் அகலம் அடங்க, ஏபிஎஸ்-சி-யில் தூரத்தை 4-ஆலும் ஃபுல் ஃபிரேமில் 6-ஆலும் பெருக்கினால் போதும்.

தூரத்தை அளக்க டேப் எல்லாம் வேண்டாம். நாற்காலி வரிசைகளை எண்ணி, வரிசைக்கு ஏறக்குறைய ஒரு மீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். முதல் வரிசைக்கும் மேடை விளிம்புக்கும் உள்ள இடைவெளியையும், குழந்தை மேடையில் எவ்வளவு உள்ளே தள்ளி நிற்கிறது என்பதையும் சேர்க்க மறக்கவேண்டாம். மூன்றாவது வரிசைதானே என்று நினைத்திருப்போம், கூட்டிப் பார்த்தால் 9 மீட்டர் வந்து நிற்கும்.

இந்தக் கணக்கு இன்னொன்றையும் காட்டிக்கொடுக்கிறது. 12 மீட்டரிலிருந்து 6 மீட்டருக்கு முன்னால் வந்துவிட்டால் தேவையான குவியத்தூரம் பாதியாகிறது. குட்டையான லென்ஸ்களில்தான் பெரிய அப்பர்ச்சர் குறைந்த விலையிலும் எடையிலும் கிடைக்கும். ஏற்பாட்டாளர்களிடம் முன்கூட்டியே பேசி, முன்பக்க வரிசைகளில் ஓரத்து இருக்கை ஒன்றைக் கேட்டு வாங்குவது எந்த லென்ஸையும்விட லாபம். ஓரம் ஏன் என்றால், நடுவில் உட்கார்ந்தால் முன்னால் இருப்பவர்களின் தலையும் அவர்கள் தூக்கிப் பிடிக்கும் ஃபோன்களும்தான் படத்தில் விழும்.

படி 4: இரண்டு விடைகளையும் சேர்த்துத் தேர்ந்தெடுக்கவும்

ஏபிஎஸ்-சி கேமராவும் 6 முதல் 9 மீட்டர் வரை தூரமும் என்றால் யோசிக்கவே வேண்டாம், 50 மி.மீ. எஃப்/1.8. பல நிறுவனங்களும் செய்கிற, பெரும்பாலும் ஆகக் குறைந்த விலையுள்ள லென்ஸ்களில் ஒன்று. கேனனின் 50 எஃப்/1.8 எஸ்டிஎம் வெறும் 160 கிராம்தான்.

10, 11 மீட்டர் என்றால் 85 மி.மீ. எஃப்/1.8. ஒரே ஒரு லென்ஸ் சொல்லுங்கள் என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். ஃபுல் ஃபிரேமில் இதே 85-ஐ 7 முதல் 10 மீட்டருக்குள் வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு மேல் போனால் 135. மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் 45 எஃப்/1.8-உம் ஒலிம்பஸின் 75 எஃப்/1.8-உம் இதே வேலையைச் செய்யும்.

அதற்கும் பின்னால்தான் இடம் என்றால் 70-200 எஃப்/2.8. மேடை நிகழ்ச்சி எடுக்கிற தொழில்முறைக்காரர்களின் தோளில் தொங்குவது பெரும்பாலும் இதுதான். குழந்தை மேடையின் முன்னால் ஓடி வரும், பின்னால் போகும், மற்றவர்களோடு சேர்ந்து வட்டமிடும். ஜூம் இருந்தால் எல்லாவற்றுக்கும் ஈடுகொடுக்கலாம். விலை அதிகம், எடையும் அதிகம். உள்ளே கண்ணாடி வைத்த டிஎஸ்எல்ஆர் கேமரா காலத்து 70-200 எஃப்/2.8-கள் ஒன்றரைக் கிலோ அளவில் இருக்கும். ஒரு மணி நேரம் தூக்கிப் பிடித்துப் பார்த்தால் தெரியும். வருடத்துக்கு ஓரிரு நிகழ்ச்சி என்றால் இதை வாடகைக்கு எடுப்பதே புத்திசாலித்தனம்.

50, 85 மாதிரி ஒரே குவியத்தூரம் கொண்ட பிரைம் லென்ஸில் ஜூம் கிடையாதே என்ற பயம் எல்லோருக்கும் வரும். உண்மைதான், குழந்தை கிட்டே வந்தால் கால் வெட்டுப்படும். அதனால் கணக்கில் வந்த எண்ணைவிடக் கொஞ்சம் குட்டையான லென்ஸைத் தேர்ந்தெடுத்து, பிறகு கணினியில் வெட்டிக்கொள்ளுங்கள். 24 மெகாபிக்சல் படம் 6000 × 4000 புள்ளிகள் கொண்டது. நீளத்திலும் அகலத்திலும் பாதியாக வெட்டினாலும் 3000 × 2000 மிஞ்சும். ஆல்பத்தில் ஒட்டும் அளவுக்குப் பிரிண்ட் போட அது தாராளம். நீளமான லென்ஸ் வெட்டிய காலை எந்த மென்பொருளிலும் ஒட்டவைக்க முடியாது.

எஃப்/1.8-இல் ஒரு எச்சரிக்கை. அப்பர்ச்சரை அகலமாகத் திறந்தால் ஃபோகஸ் ஆழம் குறையும். ஏபிஎஸ்-சி-யில் 85 மி.மீ., எஃப்/1.8, 8 மீட்டர் தூரம் என்றால், முன்னும் பின்னும் சேர்த்து 60 செ.மீ. அளவுக்குத்தான் துல்லியமாக இருக்கும். தனியாக ஆடும் குழந்தைக்கு இது போதும், பின்திரை மங்கி அழகாகவும் இருக்கும். இரண்டு வரிசையாக நிற்கும் குழுவில் ஒரு வரிசைதான் தெளிவாக வரும். அப்போது எஃப்/2.8, எஃப்/4 என்று மூடிக்கொண்டு, எல்லோரும் அசையாமல் நிற்கும் நொடியைப் பிடிக்க வேண்டும்.

படி 5: உங்கள் கேமராவில் பொருந்துமா, ஃபோகஸ் ஆகுமா?

மவுண்ட், அதாவது கேமராவில் லென்ஸ் மாட்டும் வாய், ஒத்துப்போக வேண்டும் என்பது தெரிந்ததே. அதிலும் ஒரு பொறி உண்டு. நிகானின் டி3000, டி5000 வரிசை கேமராக்களில் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. 'ஏஎஃப்-டி' என்று பெயரில் வரும் பழைய லென்ஸ்களை மாட்டினால் ஆட்டோஃபோகஸ் வேலை செய்யாது. மோட்டார் உள்ளே இருக்கும் 'ஏஎஃப்-எஸ்' வகையாகப் பார்த்து எடுக்க வேண்டும். கேனனின் ஆர்எஃப் மவுண்ட் மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத) கேமராவில் பழைய ஈஎஃப் லென்ஸ் போட அடாப்டர் வேண்டும், போட்டால் நன்றாகவே ஓடும்.

கையால் ஃபோகஸ் செய்யும் எஃப்/1.4 லென்ஸ்கள் மலிவாகக் கிடைக்கும், ஆசையாகவும் இருக்கும். ஆடுகிற குழந்தைக்கு வேண்டாம்.

படி 6: ஒத்திகையிலேயே ஓட்டிப் பாருங்கள்

லென்ஸ் வாடகையோ சொந்தமோ, நிகழ்ச்சி நாளன்றுதான் முதன்முறை மாட்டுவது என்று வைத்துக்கொள்ளாதீர்கள். மேனுவல் மோட், 1/250, அப்பர்ச்சர் முழுதாகத் திறந்து, ஐஎஸ்ஓ-வை ஆட்டோவில் விட்டு உச்சவரம்பு 6400. கறுப்புத் திரை முன்னால் முகம் வெளுத்தால் படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை -1 பக்கம் நகர்த்துங்கள். ஃபோகஸ் மோட் தொடர் ஃபோகஸில் இருக்கட்டும், கேனனில் 'சர்வோ', மற்றவற்றில் பெரும்பாலும் 'ஏஎஃப்-சி'. முகம் அறியும் வசதி இருந்தால் போட்டுவிடுங்கள். துள்ளலை எடுக்கும்போது உச்சியில் உடல் ஒரு கணம் நின்றது போலிருக்கும், அந்தக் கணத்தில் அழுத்தினால் 1/250-லும் கூர்மையாக வரும்.

ஃப்ளாஷ் கூடவே கூடாது. ஆடுபவரின் கண் கூசும், மேடை விளக்கின் நிறமெல்லாம் போய்விடும். ஃபோகஸுக்கு உதவ எரியும் சிறு விளக்கு ஒன்று கேமராவின் முன்பக்கம் இருக்கும், மெனுவில் தேடி அதையும் அணைத்துவிடுங்கள்.

மிரர்லெஸ் கேமராவில் சத்தமில்லாத எலெக்ட்ரானிக் ஷட்டரைப் போட ஆசை வரும். எல்இடி விளக்கு மேடையில் அதோடு எடுத்தால் படத்தின் குறுக்கே வெளிச்சமும் இருட்டுமாகப் பட்டைகள் விழலாம். சின்னத் திரையில் அது சட்டென்று தெரியாது, பெரிதாக்கிப் பின்திரையைப் பாருங்கள். பட்டை தெரிந்தால் மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறுங்கள். கிளிக் சத்தம் கேட்கத்தான் செய்யும். தொடர்ச்சியாகச் சுடாமல், பாட்டு உரக்க ஒலிக்கும் இடங்களாகப் பார்த்து எடுத்தால் பக்கத்து இருக்கைக்காரர் திரும்பிப் பார்க்கமாட்டார்.