விரிவாக்கப் பணியாளர்களுக்கு மாதச் செய்தி மடல்: குமரி மாவட்டத்தில் முதன்முதலாகத் தயாரிப்பவர்களுக்கு

பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையத்திலோ வேளாண் அறிவியல் நிலையத்திலோ புதிதாகச் சேர்ந்தவர்களிடம் சீக்கிரமே வந்து சேரும் வேலை ஒன்று உண்டு. "அடுத்த மாசம் என்னென்ன நிகழ்ச்சி இருக்குன்னு தொகுத்து எல்லாருக்கும் அனுப்பிடுங்க" என்பார்கள். இதைச் சில்லறை வேலை என்று நினைத்துவிட வேண்டாம். திருப்பதிசாரத்தில் வேளாண்மை ஆராய்ச்சி நிலையமும் வேளாண் அறிவியல் நிலையமும் இருக்கின்றன. தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் பேச்சிப்பாறையில். தகவல் ஒருவருக்கொருவர் போய்ச் சேராவிட்டால், ஒரே வாரத்தில் ஒரே ஊர் விவசாயிகளை இரண்டு இடத்திலிருந்து பயிற்சிக்குக் கூப்பிடும்படி ஆகிவிடும். கஷ்டம் விவசாயிக்குத்தான்.

படி 1: யாருக்கு என்று தீர்மானியுங்கள்

இந்த மடல் விவசாயிக்கு அல்ல, நம் ஆட்களுக்கு. விஞ்ஞானிகள், திட்ட உதவியாளர்கள், பண்ணை மேலாளர், அப்புறம் வட்டாரங்களில் இருக்கும் உதவி வேளாண்மை அலுவலர்கள், உதவித் தோட்டக்கலை அலுவலர்கள். அதனால் சாகுபடிக் குறிப்புகளை இதில் திணிக்க வேண்டாம். என்ன நடந்தது, என்ன நடக்கப்போகிறது, யார் என்ன செய்ய வேண்டும் என்ற மூன்றும் போதும். இரண்டு பக்கத்தைத் தாண்டினால் யாரும் படிக்க மாட்டார்கள்.

படி 2: தகவல் திரட்டுங்கள்

முதலில் உங்கள் நிலையத்தின் ஆண்டுச் செயல்திட்டத்தை எடுங்கள். வயல்வெளி ஆய்வு, முதல்நிலை செயல்விளக்கத் திடல் (புது ரகத்தையோ முறையையோ விவசாயியின் வயலிலேயே செய்து காட்டும் இடம்), பயிற்சி எல்லாம் அதில் இருக்கும். அடுத்து அட்மா (வேளாண் தொழில்நுட்ப மேலாண்மை முகமை) திட்டப் பயிற்சிகள், ரப்பர் வாரியம், தென்னை வளர்ச்சி வாரியம் நடத்துபவை, ஆட்சியர் அலுவலகத்தில் மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டம். கோயம்புத்தூரில் உள்ள பல்கலைக்கழகத் தலைமையிடத்திலிருந்து வரும் கருத்தரங்கு, பணியிடைப் பயிற்சிக் கடிதங்களைப் பார்க்கும்போது, நிகழ்ச்சித் தேதியை விடப் பெயர் கொடுக்கக் கடைசி நாளைத்தான் முதலில் குறித்துக்கொள்ள வேண்டும். அந்த நாள் போய்விட்டால் மற்றதெல்லாம் வீண்.

20ஆம் தேதிக்குள் தகவல் தாருங்கள் என்று சொல்லி வையுங்கள். 25ஆம் தேதி மடலை முடித்துவிடுங்கள். தராதவர்களுக்கு ஒரு போன் போட்டால் இரண்டு நிமிடத்தில் வேலை முடிந்துவிடும்.

படி 3: தேதிகளை மாவட்டத்தோடு பொருத்திப் பாருங்கள்

முக்கியமான படி இதுதான். வந்த தேதிகளை அப்படியே தட்டச்சு செய்தால் அது வெறும் பட்டியல். ஒவ்வொரு தேதியையும் பயிர், ஆட்களின் நேரம், ஊர் விசேஷம் என்ற மூன்றோடும் வைத்துப் பாருங்கள். இடித்தால் நிகழ்ச்சி நடத்துபவரிடம் உடனே பேசுங்கள்.

முதலில் பயிர். இங்கே நெல் இரண்டு பூ, அதாவது இரண்டு போகம்: முதலில் கன்னிப்பூ, அதன் பிறகு கும்பப்பூ. கன்னிப்பூ அறுவடை ஆகஸ்ட், செப்டம்பரில் வரும். கும்பப்பூவுக்கான விதை நேர்த்திப் பயிற்சியை நாற்றங்கால் போட்ட பிறகு வைத்து என்ன பயன்? செப்டம்பர் தொடக்கத்திலாவது அது நடந்திருக்க வேண்டும். ஓணத்துக்கு முந்தைய வாரங்களில் ஏத்தன் (நேந்திரன்) வாழைக்காரர்கள் குலை வெட்டுவதிலும் விலை பேசுவதிலும் இருப்பார்கள், அப்போது வாழைக் கருத்தரங்கு வைத்தால் நாற்காலிகள்தான் உட்கார்ந்திருக்கும். ரப்பரில் மழைக்காப்பு (பால் வெட்டும் இடத்தில் மழைநீர் படாமல் மரத்தில் கட்டும் மறைப்பு) கட்டுவது பற்றிய செயல்விளக்கம் தென்மேற்குப் பருவமழைக்கு முன்பே முடிய வேண்டும். ஜூன் மாத மடலில் வந்தால் தாமதம்.

ஆட்களின் நேரத்தைப் புதியவர்கள் பெரும்பாலும் கவனிப்பதில்லை. குலசேகரம், அருமனை பக்கம் ரப்பர் பால் வெட்டுபவர்கள் விடியுமுன் தோட்டத்துக்குப் போய், பால் எடுத்து, ஷீட் அடித்து முடிக்க முற்பகல் ஆகிவிடும். அங்கே பத்து மணிக் கூட்டம் என்று போட்டால் வர வேண்டியவர் வரமாட்டார். 11.30 என்று போடுங்கள். தோவாளையில் பூச்சந்தை அதிகாலையிலேயே களைகட்டிவிடும். பூ விவசாயிகளுக்கு மதியத்துக்குப் பிறகுதான் ஓய்வு.

விசேஷ நாட்களைத் தனியாக ஒரு தாளில் எழுதி மேஜையில் ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். நவம்பர் 1, 1956இல் மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்த நாள். டிசம்பர் 3 கோட்டாறு சவேரியார் பேராலயத் திருவிழா. மாசியில் மண்டைக்காடு அம்மன் கோயில் கொடை விழா, மார்கழியில் சுசீந்திரம் தேர். இவற்றுக்கு உள்ளூர் விடுமுறை விடுவது வழக்கம், ஆட்சியர் அறிவிப்பைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். சிவராத்திரியையொட்டி திருமலையில் தொடங்கி திருநட்டாலம் வரை 12 கோயில்களுக்குச் சிவாலய ஓட்டம் போகும். அந்த வழியில் அன்று வயல் நாள் விழா வைக்க வேண்டாம், சாலையே பக்தர்களுக்குத்தான். டிசம்பர் 5 உலக மண் தினத்துக்கும் இங்கே ஒரு சிக்கல் உண்டு. கோட்டாறு திருவிழா முடிந்து இரண்டே நாளில் அது வருகிறது. அழைப்புகளை நவம்பர் கடைசி வாரத்திலேயே அனுப்பிவிடுங்கள்.

ஆண்டின் கடைசி மாதங்களில் மழையையும் மனதில் வையுங்கள். 2017 நவம்பர் 30 ஒக்கிப் புயலில் ரப்பரும் வாழையும் சாய்ந்ததை இங்கே யாரும் மறக்கவில்லை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை திறந்தவெளி நிகழ்ச்சி ஒவ்வொன்றுக்கும் மாற்றுத் தேதி ஒன்றை மடலிலேயே போட்டுவிடுங்கள். செவ்வாய், வெள்ளிகளில் வெளியாகும் வேளாண் வானிலை அறிக்கையைப் பார்த்து முடிவு சொல்லலாம்.

படி 4: ஒரு நிகழ்ச்சியை எழுதும் விதம்

வழக்கமாக வந்து சேரும் வாசகம் இப்படி இருக்கும்: "தேனீ வளர்ப்புப் பயிற்சி 14ஆம் தேதி நடைபெற உள்ளது. அனைவரும் கலந்துகொள்ளுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்." 'அனைவரும்' என்றால் யாருமில்லை என்று அர்த்தம். அதையே இப்படி மாற்றலாம்:

"தேனீ வளர்ப்பு, தொடக்கநிலைப் பயிற்சி. அக்டோபர் 14, காலை 11.30 – 3.30. இடம்: அருமனை. யாருக்கு: மேல்புறம், திருவட்டாறு வட்டாரங்களில் ரப்பர் தோட்டம் உள்ள புதியவர்கள், 25 பேர். பணியாளர் செய்ய வேண்டியது: வட்டாரத்துக்கு 12 பெயர்களை 8ஆம் தேதிக்குள் அனுப்பவும். மீதி ஓர் இடம் முதலில் கேட்பவருக்கு. ஏன் இப்போது: ஜனவரியில் ரப்பர் தளிர்க்கும்போது தேன் வரத்து தொடங்கும், அதற்குள் தேனீக் கூட்டம் பெருக வேண்டும்."

மாதிரிதான், தேதியும் ஊரும் உங்களுடையதாக இருக்கட்டும். ஆனால் 'ஏன் இப்போது' என்ற வரியை விட்டுவிடாதீர்கள். ரப்பரில் தேன் பெரும்பாலும் பூவிலிருந்து வருவதில்லை, இளம் இலைக்காம்பின் நுனியில் உள்ள சுரப்பிகளில் ஊறுகிறது. அதனால் தளிர் விடும் காலம்தான் கணக்கு. இந்த ஒரு வரியைப் படித்த அலுவலர் விவசாயியிடம் அழுத்திச் சொல்ல முடியும். 1920களிலேயே மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. வழியாக ஸ்பென்சர் ஹேட்ச் கிராமத்தாருக்குத் தேனீ வளர்ப்பைக் கற்றுக்கொடுத்த மண் இது. விரிவாக்கப் பணிக்கு இங்கே நீண்ட வேர் உண்டு.

படி 5: நடந்த செய்திகள்

சுருக்கமாக முடியுங்கள். பொன்னாடை போர்த்திய படம் வேண்டாம். திடலில் என்ன ரகம், எவ்வளவு மகசூல், பக்கத்து வயலில் எவ்வளவு, விவசாயி என்ன குறை சொன்னார் என்று நான்கு வரி எழுதினால் அடுத்த வட்டாரத்துக்கு உதவும். விவசாயியின் போன் நம்பரை அவரிடம் கேட்காமல் போடக் கூடாது.

படி 6: அனுப்புங்கள், திரும்பக் கேளுங்கள்

பி.டி.எஃப். அனுப்புவதோடு, நிகழ்ச்சிப் பட்டியலை வாட்ஸ்அப்பில் எழுத்தாகவும் போடுங்கள். மலைப்பக்கம் சிக்னல் குறைவான இடத்தில் படம் திறக்காது, எழுத்து வந்துவிடும். பத்து நாள் கழித்து 'தேனீ' என்று தேடினாலும் எழுத்துதான் கிடைக்கும், போஸ்டர் கிடைக்காது. மேற்குப் பகுதியில் ஞாயிறு திருப்பலி முடிவில் பங்கு அறிவிப்பு வாசிக்கும் வழக்கம் இருக்கிறது. விவசாயிகளுக்கான பயிற்சி என்றால் இரண்டு வரியில் ஒரு துண்டு எழுதி வட்டார அலுவலரிடம் கொடுத்துவிடுங்கள், அவர் பங்குத்தந்தையிடம் சேர்ப்பார்.

மாதக் கடைசியில் மூன்று பேருக்காவது போன் செய்து, மடலைப் பார்த்து எந்த நிகழ்ச்சிக்கு ஆள் அனுப்பினீர்கள் என்று கேளுங்கள். ஆள் வராத நிகழ்ச்சிக்கு எதிரே காரணத்தைக் குறித்து வையுங்கள்: நேரமா, தேதியா, தகவலே போகவில்லையா. அடுத்த 20ஆம் தேதி தகவல் திரட்ட உட்காரும்போது அந்தத் தாள் உங்கள் முன் இருக்கட்டும்.