மூத்த ஹிப்-ஹாப் குழுவை மேடையில் கேட்கப் போகிறவர்களுக்கு

டி லா சோல், தி ரூட்ஸ் போன்ற குழுக்களின் உயிர் வரிகளில் இருக்கிறது. அதனால் பழைய ஆல்பங்களை முதலிலேயே கேட்டு வையுங்கள். சாம்பிள் (பிறர் பாடல்களிலிருந்து எடுத்துச் சேர்த்த ஒலித் துண்டு) உரிமைச் சிக்கலால் டி லா சோலின் ஆரம்ப ஆல்பங்கள் 2023 மார்ச்சில்தான் ஸ்ட்ரீமிங்குக்கு வந்தன. தவறவிட்டவர்கள் அங்கிருந்து தொடங்கலாம்.

அரங்கில் எங்கே நிற்கிறீர்கள் என்பதுதான் முக்கியம். மேடையை ஒட்டி நின்றால் சப்-ஊஃபர் எனும் தாழ்ஒலிப் பெருக்கியின் பேஸ் (அடிநாத ஒலி) சொற்களை விழுங்கிவிடும். பாடகர்களின் ஒலிபெருக்கிகளும் பெரும்பாலும் தலைக்கு மேலே தொங்கும். ஒலிக்கலவை மேசைக்குச் சற்று முன்னால், நடுவில் நில்லுங்கள். பொறியாளர் கேட்டுச் சரிசெய்யும் ஒலி ஏறத்தாழ அதுவே. பின்சுவரோரம் வேண்டாம், அங்கே பேஸ் தேங்கும்.

காதடைப்பான் கட்டாயம். 100 டெசிபலில் பாதுகாப்பான நேரம் வெறும் 15 நிமிடம். நுரை அடைப்பான் உச்ச ஸ்தாயி ஒலிகளை அதிகம் வெட்டுவதால் மெய்யெழுத்துகள் மங்கும். இசைக்கான வடிகட்டி வகையை வாங்குங்கள்.