கிறிப்பில் விழுந்த பெயரை மீட்டெடுத்தல்: கடனில் முறிந்தவர்களுக்கான செய்முறை விளக்கம்

லீசிங் கம்பனி உழவு இயந்திரத்தை ஏற்றிக்கொண்டு போன அன்று, கடனும் அதனோடு சேர்ந்து போய்விட்டது என்றே நான் நினைத்திருந்தேன். 2018 டிசெம்பர் வெள்ளம் கிளிநொச்சியில் என் வயலை அழித்ததன் பின்னர் ஆறு தவணைகள் கட்ட முடியாமற் போய், வண்டி பறிபோனது. 2021 செப்ரெம்பரில், காலபோகத்துக்கு, அதாவது மாரிகால நெற்செய்கைக்கு, பயிர்க்கடன் கேட்டு ஒரு வங்கிக்குச் சென்றபோது, கடன் உத்தியோகத்தர் கணினியைப் பார்த்துவிட்டு, "ஐயா, உங்கட பேர் கிறிப்பில விழுந்திருக்கு" என்றார். வண்டியை ஏலத்தில் விற்ற தொகையைக் கழித்ததன் பின்னும் மிகுதிக் கடனும் தவணை பிந்தியதற்காக அதன்மேல் ஏறிய தண்டவட்டியும் என் பெயரிலேயே நின்றிருந்தன. அந்தக் கடனைத் தீர்க்க மட்டும் எனக்கு இரண்டரை வருடங்கள் பிடித்தன. அதில் முதல் ஒரு வருடம், எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல் வீணாகப் போன காலம். அந்த ஒரு வருடத்தை உங்களுக்கு மிச்சப்படுத்தித் தரலாம் என்ற எண்ணத்தில்தான் இதை எழுதுகிறேன்.

தொடங்குவதற்கு முன்

கிறிப் என்று நாம் சொல்வது இலங்கைக் கொடுகடன் தகவல் பணியகத்தை. இது 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தினால் உருவாக்கப்பட்டது. வங்கிகளும் நிதிக் கம்பனிகளும் லீசிங் கம்பனிகளும் தம்மிடம் கடன் பெற்றவர்களின் விபரங்களை மாதந்தோறும் இங்கு அனுப்புகின்றன. இதைக் கறுப்புப் பட்டியல் என்று ஊரில் சொல்வார்கள், அது பிழை. ஒழுங்காகக் கட்டுபவரின் பெயரும் அங்கே இருக்கிறது, கட்டாதவரின் பெயரும் அங்கே இருக்கிறது. கடன் கொடுப்பதா மறுப்பதா என்பதைப் பணியகம் தீர்மானிப்பதில்லை. அறிக்கையையும், ஒருவர் கடன் கட்டிய ஒழுங்குக்கு இடப்படும் புள்ளியையும் பார்த்துக் கடன் வழங்குநரே தீர்மானிக்கிறார். ஆகவே உங்கள் வேலை பட்டியலிலிருந்து பெயரை வெட்டுவதன்று. அந்தப் பெயருக்கு நேரே எழுதப்பட்டிருப்பதை மாற்றுவது.

வெளிநாட்டு உறவினர்கள், "வங்குரோத்து என்று நீதிமன்றத்தில் பதிந்தால் எல்லாக் கடனும் அழிந்துவிடுமே" என்று தொலைபேசியில் சொல்லக்கூடும். கனடாவிலும் இங்கிலாந்திலும் அதற்கென நடைமுறைகள் உண்டு. நம் நாட்டிலும் 1853ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் ஒன்று இருக்கிறது. ஆயினும் வன்னியில் லீசிங்கிலும், கிழமைக்குக் கிழமை தவணை கட்டும் நுண்கடனிலும் முறிந்தவர்கள் அந்த வழியே போவதைக் காண்பது அரிது. நம் நிலைமையில் நிறுவனத்தோடு பேசி முடிப்பதே நடைமுறை வழி.

முதலாம் படி: உங்கள் அறிக்கையை நீங்களே எடுங்கள்

உங்களைப் பற்றிய அறிக்கையைப் பெறும் உரிமை உங்களுக்கு உண்டு. அதற்காகக் கொழும்புக்குப் பேருந்து ஏற வேண்டியதில்லை. தேசிய அடையாள அட்டையோடு வங்கிக் கிளையொன்றில் விண்ணப்பிக்கலாம், அல்லது பணியகத்தின் இணையத்தளத்தில் பதிந்து எடுக்கலாம். ஒரு சிறு கட்டணம் உண்டு. உங்கள் அறிக்கையை நீங்களே எடுத்துப் பார்ப்பதனால் உங்கள் நிலைக்கு எந்தப் பாதிப்பும் வராது. இதற்கு மாறாக, கடன் கேட்டு நீங்கள் ஏறி இறங்கும் ஒவ்வொரு நிறுவனமும் உங்கள் அறிக்கையைக் கேட்டுப் பெறும்போது அந்த விசாரணை அங்கே பதிவாகிறது. ஒரே மாதத்தில் ஐந்து இடங்களில் கேட்டவர் அவசரக்காரராகத்தான் தெரிவார். எனவே இந்த வேலை முடியும்வரை எந்த இடத்திலும் புதிய விண்ணப்பம் கொடுக்காதீர்கள்.

இரண்டாம் படி: ஒரு கொப்பியோடு இருந்து வாசியுங்கள்

அறிக்கையில் நீங்கள் பெற்ற கடன்கள், நீங்கள் பிணையாளியாகக் கையொப்பமிட்ட கடன்கள், கடந்த 24 மாதங்களின் கொடுப்பனவு வரலாறு, பணமின்றித் திரும்பிய காசோலைகள் ஆகியவற்றைக் காணலாம். கொப்பியில் ஒவ்வொரு கடனுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, நிறுவனத்தின் பெயர், கிளை, எடுத்த தொகை, இப்போதைய நிலுவை, எத்தனை நாள் பிந்தியிருக்கிறது என்பவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். 90 நாட்களைத் தாண்டியிருக்கும் கடனையே வங்கிக்காரர் முதலில் பார்ப்பார்.

பலரும் அதிர்ச்சியடைவது பிணையாளிப் பகுதியைப் பார்க்கும்போதுதான். மீள்குடியேற்றத்தின் பின்னர் ஏ9 வீதி நெடுகிலும் நிதிக் கம்பனிகள் வந்திறங்கிய காலத்தில், மச்சானுக்கும் அயலவருக்கும் குழுவிலிருந்த அக்காவுக்கும் என்று நாம் போட்ட கையொப்பங்களுக்குக் கணக்கே இல்லை. அவர்கள் கட்டாமல் விட்டது உங்கள் அறிக்கையில் நிற்கும். அதேபோல, நீங்கள் கட்டாமல் விட்டது உங்களுக்காகக் கையொப்பமிட்டவரின் அறிக்கையில் நிற்கும். இந்த இரண்டாவது விடயத்தைத் தனியாகக் குறித்து வையுங்கள். நான்காம் படியில் இது தேவைப்படும்.

"எழுதித் தள்ளப்பட்டது" என்ற சொல்லைக் கண்டு மகிழ்ந்துவிடாதீர்கள். நிறுவனம் தன் கணக்குப் புத்தகத்தில் அதை வராக்கடனாக ஒதுக்கிவிட்டது என்பதுதான் அதன் பொருள். உங்களுக்கு மன்னிப்புக் கிடைத்துவிட்டது என்பதல்ல.

மூன்றாம் படி: பிழை இருந்தால் எழுத்தில் மறுப்புத் தெரிவியுங்கள்

போரில் ஆவணங்களைத் தொலைத்துப் புதிதாக அடையாள அட்டை எடுத்தவர்கள் அதிகமுள்ள மாவட்டங்கள் நம்முடையவை. ஒருவரின் பெயர் ஆங்கிலத்தில் மூன்று விதமாக எழுதப்பட்டிருக்கும். தகப்பன் பெயர் ஒரு ஆவணத்தில் முழுமையாகவும் இன்னொன்றில் ஒற்றை எழுத்தாகவும் நிற்கும். பழைய ஒன்பது இலக்க அட்டையும் புதிய பன்னிரண்டு இலக்க அட்டையும் ஒருவருக்கே இருக்கும்போது, இரண்டின் கீழும் கடன்கள் பதிவாகியிருக்கலாம். முன்னால் 19 என்பதையும் நடுவில் ஒரு பூச்சியத்தையும் சேர்த்தால் பழைய எண் புதிய எண்ணாகிவிடும்; எனவே இரண்டும் உங்களுடையவை என்று நிறுவுவது கடினமன்று. கட்டி முடித்த கடன் இன்னும் நிலுவையாகக் காட்டப்படுகிறதா, உங்களுக்குத் தெரியாத கடன் ஏதும் இருக்கிறதா என்றும் பாருங்கள். வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் பெற்றிருந்த ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களுக்கு 2018இல் அரசாங்கம் நிவாரணம் அறிவித்திருந்தது. அதில் அடங்கியவர்கள், அந்தக் கடன் முடிந்ததாக நிறுவனம் அறிவித்திருக்கிறதா என்பதையும் சரிபார்க்க வேண்டும்.

பிழையைத் திருத்தும் அதிகாரம் அதை அனுப்பிய நிறுவனத்துக்கே உண்டு. பணியகம் தானாக ஓர் எண்ணையும் மாற்றாது. ஆகையால் முறைப்பாட்டைக் கிளை முகாமையாளருக்கு எழுத்தில் கொடுத்து, பிரதியில் திகதியும் முத்திரையும் வாங்குங்கள். பணியகத்துக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். பதில் வராவிட்டால் அந்த முத்திரையிட்ட பிரதியோடு மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்துக்கு முறைப்பாடு செய்யலாம். அதன் தொலைபேசி இலக்கம் 1935. கிளிநொச்சியில் மத்திய வங்கியின் பிரதேச அலுவலகமும் இருக்கிறது.

இங்கேதான் தரகர்கள் வருவார்கள். "கிறிப் கிளியர் பண்ணித் தாறன், இருபத்தையாயிரம் தாங்கோ" என்று சொல்பவரிடம் பணத்தைக் கொடுக்காதீர்கள். உண்மையான பதிவை அவரால் அழிக்க முடியாது. பிழையான பதிவைத் திருத்த அவர் தேவையில்லை.

நான்காம் படி: எந்தக் கடனை முதலில் தீர்ப்பது

கணக்குப் படித்தவர்கள் வட்டி கூடிய கடனை முதலில் தீர்க்கச் சொல்வார்கள். என் கருத்து வேறு. உங்களால் எந்தப் பிணையாளியின் பெயர் கெட்டிருக்கிறதோ அந்தக் கடனிலிருந்து தொடங்குங்கள். அவர் தன் பிள்ளையின் படிப்புக்குக் கடன் கேட்டுப் போய் வெறுங்கையோடு திரும்பியிருக்கலாம். ஊர்ப்பேச்சுக்கு அஞ்சி உங்களிடம் அதைச் சொல்லாமலும் இருக்கலாம். அடுத்ததாக, வழக்குக்குப் போகும் நிலையிலுள்ள கடன். மிகுதியை வட்டிக் கணக்கின்படி வைத்துக்கொள்ளலாம்.

பேசப் போகும்போது வெறும் வாக்குறுதியோடு போகாமல் ஒரு கால அட்டவணையோடு போங்கள். மாதச் சம்பளக்காரருக்கு ஏற்ற தவணையை விவசாயியின் தலையில் கட்டியதால்தான் பலர் முறிந்தோம். அதே பிழையை மறுபடியும் செய்யக்கூடாது. என் மிகுதிக் கடன் 185,000 ரூபா, தண்டவட்டி 74,000 ரூபா. தண்டவட்டியை முழுமையாக நீக்கினால் மூலத்தை மூன்று தடவைகளில் கட்டுவேன் என்று எழுதிக் கொடுத்தேன்: காலபோக அறுவடையின் பின் 2023 மார்ச்சில் 60,000, இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் எனக்குக் கிடைத்த சிறுபோகப் பங்கை அறுத்த பின் செப்ரெம்பரில் 60,000, 2024 மார்ச்சில் 65,000. முதல் தடவை மறுத்தார்கள். இரண்டாவது தடவை முதல் தொகையைக் கையில் கொண்டுபோனேன், ஒப்புக்கொண்டார்கள். பழைய கடனில் பணத்தைக் கண்ணால் காணும் முகாமையாளர் தண்டவட்டியைப் பற்றிப் பேச ஆயத்தமாகிறார் என்பது என் அனுபவம். ஆனால் ஒப்புக்கொண்டதை நிறுவனத்தின் கடிதத் தலைப்பில் எழுதி வாங்கிய பின்னரே அந்தப் பணத்தை மேசையில் வைத்தேன். நீங்களும் அந்த ஒழுங்கை மாற்ற வேண்டாம்.

வீட்டுக்கு வரும் வசூலிப்பவரிடம் கட்டுவதைத் தவிர்த்து, கிளையிலோ வங்கிக் கணக்கிலோ கட்டிப் பற்றுச்சீட்டுப் பெறுங்கள்.

ஐந்தாம் படி: முடிவுக் கடிதம்

கடைசித் தொகையைக் கட்டியவுடன் கடன் முடிந்துவிடவில்லை. கடன் இலக்கம், அடையாள அட்டை இலக்கம், தீர்க்கப்பட்ட திகதி, இனி எந்தத் தொகையும் நிலுவையில்லை என்ற வசனம், பிணையாளிகள் விடுவிக்கப்பட்டனர் என்ற வசனம், இந்த நிலை கொடுகடன் தகவல் பணியகத்துக்கு அறிவிக்கப்படும் என்ற வசனம் ஆகிய ஆறும் அந்தக் கடிதத்தில் இருக்க வேண்டும். வெற்றுக் காசோலையோ காணி உறுதியோ வாகனப் பதிவுப் புத்தகமோ கொடுத்திருந்தால் அதையும் அன்றே கேட்டு வாங்குங்கள். கடிதத்தை மூன்று பிரதிகள் எடுத்து, ஒன்றைப் பிணையாளியின் கையில் கொண்டுபோய்க் கொடுங்கள். நிறுவனங்கள் மாதத்துக்கொரு தடவை விபரம் அனுப்புவதால், இரண்டு மாதங்கள் பொறுத்து அறிக்கையை மறுபடி எடுத்துப் பாருங்கள். எனது அறிக்கையில் அப்போதும் பழைய நிலுவையே நின்றது. கடிதத்தைக் காட்டிய பின்னர்தான் மாறியது.

ஆறாம் படி: புதிய வரலாற்றை எழுதுதல்

பழைய கடனைத் தீர்ப்பது கெட்டதை நிறுத்தும், நல்லதை உண்டாக்காது. கடன் எடுக்காமலே இருந்தால் பெயர் தானாகத் தேறும் என்று நம்பி ஐந்தாறு வருடம் ஒதுங்கியிருப்பவர்கள் உண்டு. அவர்களைப் பற்றி எழுத அறிக்கையில் எதுவும் சேராது. பதிவாகக்கூடிய ஒரு சிறு கடனை எடுத்து, ஒரு நாளும் பிந்தாமல் கட்டுவதே வழி.

இதற்கு நான் கையாண்டதும் பிறருக்குச் சொல்வதும் வைப்புக்கு எதிரான கடன். அறுவடைப் பணத்தில் 50,000 ரூபாவை ஒரு வங்கியில் நிலையான வைப்பாக இட்டு, அதையே பிணையாக வைத்து 40,000 ரூபாவைப் பன்னிரண்டு மாதத் தவணையில் பெற்றேன். வைப்பு வங்கியின் கையில் இருப்பதால் பழைய பெயர் பெரிய தடையாக இருக்கவில்லை. கடனாகப் பெற்ற 40,000 ரூபாவைச் செலவழிக்காமல் அதே வங்கியின் சேமிப்புக் கணக்கில் விட்டு, ஒவ்வொரு மாதமும் 5ஆம் திகதி அதிலிருந்தே தவணை கழியும்படி நிலையான கட்டளை கொடுத்தேன். கடன் வட்டி வைப்பு வட்டியைவிடச் சற்றுக் கூடியது. அந்த வித்தியாசமே எனக்கு ஏற்பட்ட செலவு. விண்ணப்பிக்கும் முன், இந்தக் கடனின் விபரம் பணியகத்துக்கு அனுப்பப்படுமா என்று கேட்டு உறுதிப்படுத்துங்கள். சீட்டும் சங்கக் கடனும் எவ்வளவு ஒழுங்காகக் கட்டினாலும், விபரம் அனுப்பப்படாவிட்டால் உங்கள் அறிக்கைக்கு உதவாது.

இந்தக் காலத்தில் யாருக்கும் பிணை நிற்காதீர்கள். முகத்துக்காகப் போட்ட ஒரு கையொப்பம் பன்னிரண்டு மாத உழைப்பைக் கெடுத்துவிடும். கடைக்காரருக்கும் நெல் வியாபாரிக்கும் பின்னொரு நாளின் திகதியிட்ட காசோலை கொடுப்பதையும் நிறுத்துங்கள்.

பன்னிரண்டு தவணைகளும் முடிந்த பின்னர், ஒரேயொரு வங்கியில், நடைமுறையில் உங்களுக்குத் தேவையான சிறிய தொகைக்கு விண்ணப்பியுங்கள். காலபோகப் பயிர்ச்செய்கைக் கூட்டம் முடிந்து விதைப்புத் தொடங்கிய பின் போனால் கோப்பு நகர்வதற்குள் பருவம் போய்விடும். ஓகஸ்ட் கடைசியில் போங்கள். முடிவுக் கடிதம், புதிய அறிக்கை, வயல் பங்கை உறுதிப்படுத்தும் கமக்காரர் அமைப்பின் கடிதம் ஆகிய மூன்றையும் கொண்டுசெல்லுங்கள். பழைய கடனைப் பற்றி உத்தியோகத்தர் கேட்கும்வரை காத்திருக்காமல், எப்படி முறிந்தது, எந்தத் திகதியில் தீர்ந்தது என்று நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். 2025இல் நான் அப்படித்தான் சொன்னேன். கேட்ட தொகையில் பாதியைத்தான் தந்தார்கள். விதைநெல்லுக்கும் உழவுக் கூலிக்கும் அது போதுமாக இருந்தது.