மெட்டு காப்பியா? சுரம் எழுதிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்

இரண்டு பாட்டு ஒன்றுபோல் ஒலித்தால் அதற்கு மெட்டுதான் காரணம் என்று முடிவு கட்டாதீர்கள். தாள நடையும் கிட்டாரின் தொனியும் குரலும் காதை எளிதில் ஏமாற்றும். முதலில் வாத்தியத்தையும் வார்த்தையையும் விட்டுவிட்டு, குரல் போகும் வழியை மட்டும் 'தந நா' என்று முணுமுணுத்துப் பாருங்கள். சந்தேகங்களில் பாதி இங்கேயே கரைந்துவிடும்.

மிஞ்சியதை ஒரே சுருதிக்குக் கொண்டுவாருங்கள். சுருதியின் உயரத்தைக் 'கட்டை' என்று அளப்பது வழக்கம். ஒன்று நாலரைக் கட்டை, மற்றது இரண்டு கட்டை என்றால் இடைவெளி நான்கு அரைச்சுரம். ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் 'சேஞ்ச் பிட்ச்' போய் முதல் பாட்டை நான்கு இறக்கலாம். வேகத்துக்கு 'சேஞ்ச் டெம்போ'. 'சேஞ்ச் ஸ்பீட்' பக்கம் போகாதீர்கள், சுருதியும் சேர்ந்து நகர்ந்துவிடும்.

இனி கட்டம் போட்ட நோட்டு. கட்டத்துக்கு அரை அட்சரம் (தாள எண்ணிக்கை) வீதம், எட்டு அட்சர ஆதி தாளத்தின் ஓர் ஆவர்த்தனத்துக்கு (முழுச் சுற்றுக்கு) 16 கட்டம். நீளும் சுரத்துக்குக் கால்புள்ளி. எடுப்பு (பாட்டு தொடங்கும் இடம்) சமத்திலா, அதாவது தாளத்தின் முதல் தட்டிலா, அரை அட்சரம் தள்ளியா என்பதையும் காட்டி, இரண்டு பல்லவிகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுங்கள். பலரும் தடுமாறுவது ஆதார சுரமான 'ச' எது என்பதில்தான். மோகன ராகத்தின் ரிஷபத்தை (ரி) ஆதாரமாக எடுத்துக்கொண்டால் அதே ஸ்வரங்கள் மத்தியமாவதி ராகமாகவும், காந்தாரத்தை (க) எடுத்துக்கொண்டால் இந்தோள ராகமாகவும் தாளில் விழும். 'ச' தப்பினால் அப்பட்டமான நகலும் வேறு பாட்டாகத் தெரியும். தம்பூரா செயலியை ஓடவிட்டு, வரி எந்தச் சுரத்தில் வந்து அமர்கிறது என்று பார்த்து உறுதி செய்யுங்கள்.

ராகம் ஒன்றாக இருப்பது சான்றாகாது. 'க ப த ச' என்ற பிடி (சிறு சுரத்தொடர்) மோகனத்தில் யார் மெட்டமைத்தாலும் வரும். பிடிகள் எந்த வரிசையில் வருகின்றன, எத்தனை முறை திரும்புகின்றன என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பீட்டில்ஸ் புகழ் ஜார்ஜ் ஹாரிசனின் 'மை ஸ்வீட் லார்ட்', 'ஹீஸ் சோ ஃபைன்' என்ற முந்தைய பாட்டின் நகல் என்று தொடுத்த வழக்கின் 1976 அமெரிக்கத் தீர்ப்பை இதற்குப் பாடமாகவே படிக்கலாம். 'ஹீஸ் சோ ஃபைன்' பாட்டில் 'ப க ரி' நான்கு முறை, பின் 'ப த ச த ச' நான்கு முறை. ஹாரிசன் பாட்டில் முதல் பிடி நான்கு முறை, இரண்டாவது மூன்று முறை; நான்காவதன் இடத்தில் ஏறத்தாழ அதே நீளத்தில் வேறொரு இணைப்பு. இரண்டாம் பிடி இரண்டாவது முறை வரும்போது, இரண்டு பாட்டிலும் ஒரே இடத்தில் ஒரே சிறு அனுசுரம் (சுரத்தை ஒட்டி வரும் துணைச் சுரம்). தனித்தனியே பார்த்தால் இந்தப் பிடிகள் அபூர்வமல்ல, இந்த அடுக்குதான் அபூர்வம் என்றது நீதிமன்றம். தெரிந்தே எடுக்கவில்லை, ஆழ்மனம் எடுத்துக்கொடுத்தது என்றும் சொல்லி, அதுவும் உரிமை மீறலே என்று முடித்தது.

அடுக்கும் பொருந்தினால், இரண்டுக்கும் முந்திய பொது மூலம் உண்டா என்று தேடுங்கள். நாட்டுப்பாடல், கீர்த்தனை, காவடிச்சிந்து என்று எதிலிருந்தும் இருவரும் எடுத்திருக்கலாம். வெளியான ஆண்டுகளையும் சரிபாருங்கள். பின்னால் வந்ததை மூலம் என்று எழுதி மாட்டிக்கொள்பவர்கள் உண்டு.

எழுதும்போது 'திருடினார்' வேண்டாம். அது நோக்கத்தைப் பற்றிய குற்றச்சாட்டு, சுரத்தாள் அதை நிரூபிக்காது. 'பல்லவியின் முதல் ஆவர்த்தனத்தில் இத்தனை கட்டம் ஒன்றிப்போகிறது, சரணம் வேறு' என்று நிமிடம், நொடியோடு எழுதுங்கள். பொருந்தாத இடங்களையும் விடாமல் சொல்லுங்கள். விமர்சனத்துக்காக நியாயமான அளவில் படைப்பைக் கையாள 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு இடம் தருகிறது. ஒப்பிடும் வரி மட்டும் கேட்டால் போதும், முழுப் பாட்டையும் ஏற்றாதீர்கள்.