பன்னிரண்டு மணிக்கு முன்னால் போய் உட்காருங்கள்

வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வரும் நம்மவர்கள் பலருக்கு ஹைதராபாத் விமானம் மாறுகிற இடம், அவ்வளவுதான். பிள்ளைகளோடு வருகிறீர்கள் என்றால் அங்கே ஒரு பகலை ஒதுக்குங்கள். மூசி ஆற்றங்கரையில் உள்ள சாலார் ஜங் அருங்காட்சியகத்தில் ஒரு கடிகாரம் இருக்கிறது. அதற்காகவே போகலாம்.

சென்னையிலிருந்து ரயிலே வசதி. மாலையில் தாம்பரத்தில் சார்மினார் எக்ஸ்பிரஸ் ஏறினால் மறுநாள் காலை இறங்கிவிடலாம். வெள்ளிக்கிழமை அருங்காட்சியகத்துக்கு விடுமுறை. டிக்கெட் போடும்போதே பார்த்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டவருக்குக் கட்டணம் பல மடங்கு. ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் அட்டை) இருந்தால் இந்தியர்களுக்கான கட்டணமே என்பது அரசு விதி. ஆகவே அட்டையைப் பெட்டியில் பூட்டிவிட்டு வராதீர்கள்.

சரி, கடிகாரத்துக்கு வருவோம். கல்கத்தாவின் குக் அண்ட் கெல்வி நிறுவனத்திடமிருந்து வந்தது. உள்ளே 350-க்கும் மேற்பட்ட பாகங்கள். ஒரு கொல்லன் பொம்மை சம்மட்டியால் நொடிக்கு நொடி தட்டிக்கொண்டே இருக்கும். மணி அடிக்கச் சில நிமிடம் இருக்கும்போது கதவு திறந்து ஒரு தாடிக்காரர் வெளியே வருவார். எத்தனை மணியோ அத்தனை முறை அடித்துவிட்டு உள்ளே போய்விடுவார். ஒரு மணிக்குப் போனால் ஒரே அடி, முடிந்தது. அதனால்தான் 12 மணியைச் சொல்கிறேன். அரை மணி நேரம் முன்பே போய், பிள்ளைகளை முன்னால் உட்கார வையுங்கள். கூட்டம் சேர்ந்துவிட்டால் சின்னவர்களுக்குத் தலைகள்தான் தெரியும். காத்திருக்கும் நேரத்தில் அந்தக் கொல்லனைக் காட்டுங்கள். பன்னிரண்டு அடியையும் கூடவே எண்ணச் சொல்லுங்கள். எனக்கு அந்த எண்ணிக்கைதான் பிடித்தது: முன்பின் தெரியாதவர்கள் எல்லோரும் ஒன்றாய் வாய்க்குள் எண்ணுவார்கள்.

அடித்து முடிந்ததும் கூட்டம் கலையும். நீங்கள் கடிகாரக் கூடத்துக்குப் போங்கள். பிரான்ஸ், இங்கிலாந்து, சுவிட்சர்லாந்து என்று பல நாட்டுக் கடிகாரங்கள்: பறவைக் கூண்டு வடிவில் சில, ஆளுயரத்தில் சில, உள்சக்கரம் எல்லாம் வெளியே தெரிகிற மாதிரி சில. ஹைதராபாத் நிஜாமிடம் பிரதமராக இருந்து, 1949-இல் இறந்த மூன்றாம் சாலார் ஜங், மிர் யூசுப் அலிகான், வாழ்நாள் முழுக்கச் சேர்த்த பொருள்களே இந்த அருங்காட்சியகத்தின் அடித்தளம்.

சென்னை திரும்பியதும் சென்ட்ரல் பக்கத்தில் ரிப்பன் மாளிகை வாசலில் கொஞ்சம் நில்லுங்கள். அங்கே 1913-இல் வைத்த கோபுரக் கடிகாரம், சாவி கொடுத்து ஓடுவது. கால் மணிக்கு ஒரு முறை அடிக்கும். போக்குவரத்து இரைச்சல் குறைந்த அதிகாலையில் நன்றாகக் கேட்கும்.