மணமாகாத அரசியைப் பற்றிக் கட்டுரை எழுத, வரன் பட்டியலில் தொடங்குங்கள்

சாந்தோமில் என் வீட்டு முன்னறையில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வரலாறு சொல்லிக்கொடுக்கிறேன். இங்கிலாந்து அரசி முதலாம் எலிசபெத் ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று கேட்டால், பாதிப்பேர் காதல் தோல்வி என்று எழுதிவிடுவார்கள். நானும் மணமாகாதவள். விசாரிக்காமலே அந்தப் பதிலை என்மேல் ஒட்டியவர்கள் உண்டு என்பதால், இதைப் படித்தாலே மனது கஷ்டப்படும்.

முதலில் ஒரு தாளில் வந்த வரன்களை எழுதுங்கள்: யார், எந்த ஆண்டு, எந்த நாடு, எந்த மதம். பக்கத்தில் இன்னொரு கட்டம் போட்டு, 'இவரைக் கட்டினால் யாருக்குக் கோபம் வரும்?' என்று கேளுங்கள். முக்கால்வாசி விடை இந்தக் கட்டத்தில்தான் கிடைக்கும்.

எலிசபெத் பட்டத்துக்கு வந்தது 1558இல். அடுத்த வருடமே ஸ்பெயின் மன்னர் இரண்டாம் பிலிப் பெண் கேட்டார். எலிசபெத் புராட்டஸ்டன்ட், அவரோ கத்தோலிக்கர், அதுவும் இறந்துபோன அக்கா மேரியின் கணவர். 1554இல் மேரி அவரை மணக்கப்போகிறார் என்றதுமே இங்கிலாந்தில் கலகம் வெடித்தது. எலிசபெத் பிடிகொடுக்கவில்லை, பிலிப் அதே வருடம் பிரெஞ்சு இளவரசியை மணந்தார். எலிசபெத்தின் மனதுக்கு நெருக்கமானவர் அவருடைய அரசவையில் இருந்த ராபர்ட் டட்லி. 1560இல் அவர் மனைவி மாடிப்படியடியில் இறந்துகிடந்தார். அதற்குப் பிறகு அவரை மணந்தால் ஊர் என்ன பேசும்? 1579இல் பிரான்சின் ஆன்ழூ கோமகனோடு பேச்சு நடந்தபோது, அதை எதிர்த்து எழுதிய ஜான் ஸ்டப்ஸின் வலது கை வெட்டப்பட்டது. அந்தச் சம்பந்தமும் நடக்கவில்லை.

அப்புறம் வீட்டைப் பாருங்கள். எலிசபெத்துக்கு மூன்று வயதுகூட ஆகாதபோது அப்பாவின் ஆணையில் அம்மாவின் தலை போனது. எட்டு வயதில் ஒரு சிற்றன்னையின் தலையும். இதை அவசியம் எழுதுங்கள், ஆனால் இது ஒன்றுதான் காரணம் என்று முடித்துவிடாதீர்கள்.

அடுத்த கேள்வி, வாரிசு யார்? இதற்கு மணமாகாத இன்னொரு அரசியைப் பாருங்கள். ஸ்வீடன் அரசி கிறிஸ்டினா தனக்குத் திருமணம் வேண்டாம் என்று சொல்லி, 1649இல் அத்தை மகனை வாரிசாக்கினார். 1654இல் முடியைத் துறந்து, கத்தோலிக்கராகி, ரோமுக்குப் போய்விட்டார். இது தெளிந்த முடிவு.

முடிவெடுத்தவர்களையும் காலம் கிடைக்காதவர்களையும் ஒரே பட்டியலில் சேர்க்காதீர்கள். போர்த்துகல் மன்னர் செபாஸ்டியன் 1578இல் மொராக்கோ போரில் இறந்தபோது வயது 24, மணமாகவில்லை. பட்டம் அவருடைய தாத்தாவின் தம்பி ஹென்றிக்குப் போனது. அவர் கர்தினால், அதாவது திருமணம் செய்யக்கூடாத கத்தோலிக்க உயர்குரு, வயது 66. வாரிசுக்காகத் திருமணம் செய்ய போப்பிடம் அனுமதி கேட்டார், கிடைக்கவில்லை. 1580இல் அவரும் இறக்க, போர்த்துகலை ஸ்பெயின் மன்னர் எடுத்துக்கொண்டார்.

இந்த இடத்தில் பிள்ளைகளை ஜன்னல் பக்கம் திரும்பச் சொல்வேன். அன்று இந்த சாந்தோம் போர்த்துகீசியர் கையில் இருந்தது. எலிசபெத் பிடிகொடுக்காத அதே பிலிப்தான் இந்தத் தெருவுக்கும் ராஜா ஆனார்.